வாசலில் கவிழ்ந்து கிடந்த செருப்புகள்

1

என் மகள் எங்கள் பழைய வெள்ளவத்தை வீட்டு வாசலைப் போல ஒன்றைச் செய்து, டொரொன்டோவில் ஒரு கடற்கரையில், பனிக்குள், ஊரெல்லாம் பார்க்க நிறுத்தினாள். வாசலுக்கு வெளியே செருப்புகளையும் போட்டாள். அந்தச் செருப்புகளால் இந்த மாசியும் பங்குனியும் முழுவதும் வெட்கப்பட்டுக்கொண்டு திரிந்தேன். முதலில் அவளை நினைத்து வெட்கம், பிறகு என்னை நினைத்து. முதலாவது போய்விட்டது. மற்றது போகிற பாட்டைக் காணவில்லை.

கடற்கரை என்று இங்கே சொல்வதை நீங்கள் அப்படியே நம்பிவிடக் கூடாது. அது ஒரு வாவி. அக்கரை தெரியாத அளவுக்குப் பெரிது என்பதால் கடல் மாதிரி நடந்துகொள்கிறது, அவ்வளவுதான். வெள்ளவத்தையில் கடலுக்குப் போவதென்றால் மரைன் டிரைவைக் கடந்து, தண்டவாளத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்து, குடைக்குள் இருக்கும் சோடிகளைக் காணாத மாதிரி பாறைக்கு இறங்க வேண்டும். இங்கே காரை நிறுத்திவிட்டு நேரே மணலுக்குப் போகலாம். ஆனால் மாசியில் மணல் கல்லாக இறுகிக் கிடக்கும். மூச்சு விட்டால் மூக்குக் கண்ணாடி வெள்ளையாகிவிடும். நாயோடு நடப்பவர்களைத் தவிர மற்றவர்கள் வீட்டில் இருப்பார்கள்.

கோடையில் குளிப்பவர்களைக் காவல் காப்பவர்கள் ஏறி உட்கார உயரமான நாற்காலிகள் அங்கங்கே உண்டு. குளிர்காலத்தில் அவை ஆளில்லாமல் நிற்கும். அந்த நாற்காலிகளைச் சுற்றி ஒவ்வொரு வருடமும் குடிலோ சிற்பமோ என்று சட்டென்று சொல்ல முடியாத சிலவற்றைக் கட்டி வைப்பார்கள். ஒரு வருடம் முழுவதும் கண்ணாடி, ஒரு வருடம் சிவப்புக் கயிறு. சனம் மூக்கு ஒழுக ஒழுக வந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போகும். முதல் தடவை என் மனைவி ஜெயந்தியைக் கூட்டிப் போனபோது, கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள் அல்லவா, சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"கிராண்ட்பாஸில வெசாக் தோரணம் பாக்கப் போனமாதிரித்தான் கிடக்கு. என்ன, லைட்டும் இல்லை, சும்மா குடிக்கத் தர ஒரு தன்சல் பந்தலும் இல்லை."

இந்த வருடம் அந்த நாற்காலிகளில் ஒன்று என் மகள் ஆரணிக்குக் கிடைத்தது. கட்டடக்கலை படிக்கிறாள். அவளும் இரண்டு சிநேகிதிகளும் சேர்ந்து வரைந்து அனுப்பியது தெரிவாகிவிட்டது. நாங்கள் இந்த நாட்டில் வந்து இறங்கியது ஒரு மார்கழியில். வந்த நாளுக்கு ஜெயந்தி வருடா வருடம் பாற்சோறு காய்ச்சுவாள். இந்த முறை பாற்சோறு தின்றுகொண்டே ஆரணி சொன்னாள்.

"அப்பா, உங்கட பழைய சிலிப்பர் இருக்கா? எனக்கு நிறைய சிலிப்பர் வேணும்."

2

செருப்பு. எங்கள் வீட்டில் ஒரு வீணை இருக்கிறது. அவள் பழகத் தொடங்கி இடையில் கைவிட்டது. குத்துவிளக்கு இருக்கிறது. கூறைச்சேலை இருக்கிறது. எங்கள் சனத்தைப் பற்றி வெள்ளைக்காரனுக்குக் காட்ட இவ்வளவு சாமான் வீட்டில் இருக்க, பிள்ளைக்குக் கண்ணில் பட்டது செருப்பு.

நான் அதைச் சொல்லியும் விட்டேன். அவள் சிரித்தாள். "வீணை எல்லாரும் வைப்பினம் அப்பா" என்றாள். பிறகு ஸ்காபரோவில் தமிழ்க் கடைகளில் ஒரு அறிவித்தல் ஒட்டினாள். சிநேகிதி ஒருத்தியின் அம்மா தமிழில் எழுதிக் கொடுத்தது. ஆரணிக்குத் தமிழ் பேச வரும், கேட்டால் விளங்கும், எழுத்துத் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பும் நீச்சல் வகுப்பும் ஒரே நேரத்தில் வந்தபோது நீச்சலுக்கு விட்டவர்கள் நாங்கள்தான். தண்ணீரில் விழுந்தால் தமிழா காப்பாற்றும் என்று நான் அப்போது பகிடி விட்டது நினைவிருக்கிறது.

அறிவித்தலைப் பார்த்துவிட்டுச் சனம் பை பையாகச் செருப்புக் கொண்டுவந்து கொடுத்தது. றப்பர் செருப்பு, தோல் செருப்பு, கலியாண வீட்டுக்குப் போடும் மினுக்கம் வைத்த செருப்பு, பட்டி அறுந்து ஊசி குத்தியது, பிள்ளைகளின் செருப்பு. எங்கள் கராஜ் முழுவதும் ஒரு மாதம் செருப்பு. ஜெயந்தி மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் கழுவிக் கொடுத்தாள். என் நீலப் பட்டிச் செருப்பையும், நான் வேலைக்குப் போயிருந்த நேரம், கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

வெள்ளவத்தை வீட்டு வாசல் உங்களில் பலருக்குத் தெரிந்த வாசல்தான். ஒரு ஒழுங்கைக்குள் கடல் பக்கமாக இறங்கினால் இடது கைப் பக்கம். இளம்பச்சைச் சுவர், கறுப்புக் கிறில் கேற், கேற்றுக்கும் கதவுக்கும் நடுவே இரண்டு பேர் நிற்கக்கூடிய சீமெந்து நிலம். விருந்தாளி வந்தால் செருப்பு அந்த நிலத்தில் நிறைந்து ஒழுங்கைக்கும் வழியும். எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. செருப்புக் கவிழ்ந்து கிடக்கக் கூடாது. கவிழ்ந்து கிடந்தால் வீட்டில் சண்டை வரும். இதை எனக்கு யாரும் உட்கார்த்திச் சொல்லித் தந்ததாக ஞாபகம் இல்லை. போகிற போக்கில் கால் பெருவிரலால் தட்டி நிமிர்த்திவிட்டுப் போவோம், அவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். இன்றைக்கும், கந்தோரில் யாராவது சப்பாத்தைக் கழற்றி மேசைக்குக் கீழே சரித்து வைத்திருந்தால் எனக்கு வேலை ஓடாது.

என் பெரியக்கா இன்னும் அதே ஒழுங்கையில்தான் இருக்கிறார். எங்கள் வீடும் பக்கத்து லொட்ஜும் இடிபட்டு அந்த இடத்தில் ஒரு அடுக்குமாடி எழும்பிவிட்டது. அதில் நாலாம் மாடி. செருப்புக் கதையைத் தொலைபேசியில் சொல்ல அவர் சிரித்தார்.

"இஞ்ச வாசலில செருப்பே வைக்கேலாது தம்பி. கொறிடோரில ஒரு சோடி கிடந்தாலும் மெனேஜ்மன்ட் கொமிட்டி நோட்டீஸ் ஒட்டுது. நீங்கள் கனடாவில கடற்கரையில வைக்கிறியள்."

3

திறப்பு விழாவுக்கு முதல் நாள் ஆரணிக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். இடியப்பமும் சொதியும், சொதி பிளாஸ்க்கில். போய்ச் சேர்ந்தபோது மூன்று பிள்ளைகளும் அங்கே இல்லை. குளிர் தாங்காமல் எங்கேயோ கோப்பி குடிக்கப் போயிருந்தார்கள்.

வாசல் நின்றது. அதே இளம்பச்சை. அதே கறுப்புக் கிறில். ஆரணிக்கு அந்த வீட்டில் நாலு வயதுவரை இருந்த ஞாபகமும் சில படங்களும்தான். எப்படிச் செய்தாள் என்று தெரியவில்லை. கேற்றின் கொண்டிகூடச் சரியாக இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. கதவைத் தாண்டினால் காவற்காரனின் நாற்காலி, அதைத் தாண்டினால் வாவி. பிள்ளை கெட்டிக்காரிதான் என்று நினைத்தேன்.

பிறகு கீழே பார்த்தேன். செருப்புகள் கேற்றுக்கு வெளியே பனியில் கண்டபடி கிடந்தன. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பாதி கவிழ்ந்து, சோடி பிரிந்து. ஒன்று தள்ளித் தண்ணீர் விளிம்பில். பறந்துபோகாமல் இருக்க ஒவ்வொன்றின் பட்டியிலும் ஒரு சின்ன மணல் பொட்டலம் கட்டியிருந்தார்கள். அப்படியிருந்தும் காற்றுப் பிரட்டிவிட்டது என்று நினைத்தேன். நாளைக்கு ஆட்கள் வரப்போகிறார்கள். இவர்களின் வாசலைப் பார் என்று சொல்லப்போகிறார்கள். எங்கள் வாசல் ஒருநாளும் இப்படிக் கிடந்ததில்லை.

பையைக் கிறிலில் கொழுவிவிட்டு முழங்காலில் இருந்தேன்.

அன்று நான் சந்தோஷமாக வேலை செய்தேன் என்பதையும் எழுத வேண்டும். கையுறையோடு பட்டி பிடிபடவில்லை, கழற்றி வைத்தேன். கவிழ்ந்ததை எல்லாம் நிமிர்த்தினேன். சோடி தேடினேன். பெரியவர்களின் செருப்புப் பின்னுக்கு, பிள்ளைகளின் செருப்பு முன்னுக்கு. தண்ணீர் விளிம்பில் கிடந்ததைத் துடைத்துக் கொண்டுவந்து அதன் சோடியோடு சேர்த்தேன். என் நீலப் பட்டியையும் கண்டேன். அதை வரிசையின் தொங்கலில், கடைசியாக, கேற்றுக்குப் பக்கத்தில் வைத்தேன். விரல் மரத்துப்போய்விட்டது. எழுந்து நின்று பார்த்தபோது ஒரு நல்ல வீட்டு வாசல் மாதிரி இருந்தது. படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். ஆரணியின் வாசல், அப்பாவும் கொஞ்சம் உதவி, என்று எழுதினேன். பெரியக்கா பெருவிரல் காட்டினார். பிள்ளைகள் வரக் காணவில்லை, பையை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று பின்னேரம் நடந்ததைச் சிநேகிதிகளில் ஒருத்தி ஜெயந்திக்குச் சொல்லி, ஜெயந்தி எனக்குச் சொன்னாள். செருப்புகளைச் சிதறிப் போட அனுமதி எடுக்க ஆரணி இரண்டு மாதம் அலைந்திருக்கிறாள். தடக்கி விழுவார்கள் என்று நகரசபைக்காரர் மறுக்க, இவள் வரைபடம் கீறி, நடைவழி விட்டு, கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறாள். அதற்குப் பிறகு ஒரு முழு நாள் பனியில் நின்று ஒவ்வொரு செருப்பாகப் பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறாள். காற்றுப் பிரட்டவில்லை. அவள்தான் கவிழ்த்து வைத்தவள்.

கோப்பி குடித்துவிட்டு அவர்கள் திரும்பி வந்தபோது நகரசபைப் பரிசோதகர் ஏற்கெனவே வந்து நின்றிருக்கிறார். வரிசையைப் பார்த்து அவருக்கு நல்ல சந்தோஷம். இப்போதுதான் சரி, இப்படியே இருக்கட்டும் என்று படம் எடுத்துக் கையெழுத்தும் வைத்துவிட்டார். கையெழுத்து விழுந்த பிறகு ஒன்றையும் அசைக்கக் கூடாது. அசைப்பதென்றால் மறுபடி விண்ணப்பம்.

"ஆர் அடுக்கினது எண்டு அந்தப் பிள்ளையள் கேட்டவையாம். தான்தான் கடைசி நேரத்தில மனம் மாறி அடுக்கினது எண்டு சொல்லியிருக்கிறாள்" என்றாள் ஜெயந்தி. "உங்களைக் காட்டிக் குடுக்கேல்லை."

4

திறப்பு விழாவுக்குப் போகாமல் இருக்கத்தான் யோசித்தேன். ஜெயந்தி விடவில்லை. போனோம். நல்ல சனம். நான் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக நின்றேன்.

ஒவ்வொரு குடிலுக்கும் முன்னால் ஒரு பலகை நட்டிருந்தார்கள், ஆங்கிலத்தில். முதல் நாள் ஆரணியின் பலகை இன்னும் வந்திருக்கவில்லை. இப்போதுதான் வாசித்தேன். பெயர்களுக்குக் கீழே இவ்வளவுதான் இருந்தது: ஒரு விடியக்காலை. பக்கத்துக் கட்டடத்தில் இருந்தவர்களைக் கூட்டிப்போன பிறகு வாசலில் எஞ்சியவை. என் அப்பா எனக்குச் சொன்னது.

நான் சொன்னதா? எப்போது சொன்னேன்? நின்ற இடத்திலேயே தேடினேன். பிறகு வந்தது. அவள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது காரில் கொண்டுபோய் விடும் வழியில் கேட்டாள், பள்ளிக்கூடத்தில் வீட்டுக் கதவைப் பற்றி ஏதோ எழுதச் சொன்னார்கள் என்று. சிவப்பு விளக்கில் நின்றபோது நாலு வசனத்தில் சொன்னேன். பச்சை விழுந்ததும் வேறு கதைக்குப் போய்விட்டேன். சொன்னவன் மறந்துவிட்டேன், கேட்டவள் வைத்திருந்தாள்.

பலகையை வாசிப்பவர்கள் கீழே பார்ப்பதையும் கவனித்தேன். வாசிப்பார்கள், அடுக்கிக் கிடக்கும் செருப்பைப் பார்ப்பார்கள், திரும்பப் பலகையைப் பார்ப்பார்கள். நெற்றி சுருங்கும். ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி ஆரணியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், எவ்வளவு ஒழுங்கான மனிதர்கள், கூட்டிப்போகும் நேரத்திலும் செருப்பை இவ்வளவு அழகாக அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களே என்று. மெச்சித்தான் சொன்னார். ஆரணி ஓமென்று தலையாட்டினாள்.

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. அந்த நேரம் பார்த்து யாரோ தோளில் தட்டினார்கள். சிவநேசன். கொட்டாஞ்சேனை ஆள், ஜெயந்தியின் தெரு, இங்கே வீடு வாங்கி விற்கும் தொழில். என் வயது. அவருக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"என்ன ஐசே, நீரும் வந்திட்டீர். பாத்தீரே, எங்கட ஆக்கள் செருப்புக் கடை போட்டிருக்கினம். ஆற்ற பிள்ளையள் இது?"

"தெரியாது. ஆரோ பிள்ளையள்" என்றேன்.

வாயில் அப்படித்தான் வந்தது. ஏன் வந்தது என்று பிறகு எத்தனையோ விதமாக எனக்கே விளக்கம் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. சிவநேசன் சிரித்துவிட்டு அடுத்த குடிலைப் பார்க்கப் போனார். நான் திரும்பினேன். ஆரணி இரண்டு கையிலும் சூடான சொக்லேட் கப்போடு எனக்குப் பின்னால் நின்றாள். ஒன்று எனக்கு. கேட்டால் விளங்கும் என்று முதலே எழுதினேன் அல்லவா.

கப்பைத் தந்துவிட்டுப் போனாள்.

5

அந்த விடியக்காலையை உங்களில் சிலருக்கு நான் விபரிக்கத் தேவையில்லை. நாங்கள் புறப்படுவதற்கு முதல் வருடம். பக்கத்து லொட்ஜில் வடக்கிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். விசாவுக்குக் காத்திருப்பவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், பிள்ளையை அனுப்பிவிட்டுத் திரும்பிப் போகப் பயந்தவர்கள். எல்லோரும் பொலிஸில் பதிந்துதான் இருந்தார்கள். பதிந்தால் மட்டும் போதாது என்று அன்று தெரிந்தது. ஒழுங்கையின் தலைப்பில் பஸ் நின்றது. ஜன்னல் சீலையை விலக்கிப் பார்த்தேன். சாரத்தோடு ஒருவர், நைட்டிக்கு மேலே துவாய் போட்ட ஒரு பெண், நித்திரைக் கண்ணோடு பிள்ளைகள். யாரும் குளறவில்லை, கத்தவில்லை. கெதி கெதி, நிற்காதே என்று சிங்களத்தில் ஒரு குரல் மட்டும். செருப்புப் போட நேரம் கொடுக்கவில்லை. போட முயன்றவர்களின் காலிலிருந்தும் அவை கழன்று விழுந்தன.

எங்கள் கேற்றையும் தட்டினார்கள். நான் அடையாள அட்டையை நீட்டினேன். அதில் கொழும்பு விலாசம் இருந்தது. பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டுப் போய்விட்டார்கள். நாங்களும் அவர்களும் ஒரே சனம், ஒரே சொதிதான் குடித்தோம். நடுவில் ஒரு சுவரும் ஒரு விலாசமும். பஸ் போன பிறகு செருப்புகள் கிடந்தன. அன்று கந்தோருக்குப் போகும்போது அவற்றை விலத்திக் காலை வைத்துத்தான் போனேன். பின்னேரம் வரும்போதும் கிடந்தன. கவிழ்ந்தது கவிழ்ந்தபடி. அந்த ஒழுங்கையில் எவருக்கும் அதை நிமிர்த்தக் கை வரவில்லை. பிறகு லொட்ஜ் முதலாளி சாக்கில் அள்ளினார். போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது.

ஏன் கனடாவுக்கு வந்தாய் என்று கந்தோரில் கேட்டால் பிள்ளையின் படிப்புக்கு என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். படிப்பித்தும் விட்டேன். அவள் படித்ததை வைத்து நான் ஒளித்த இடத்தைச் சரியாகக் கட்டினாள். நான் போய் அதைக் கூட்டித் துப்புரவாக்கினேன்.

6

விழா முடிந்து வீட்டுக்குப் போகும்போது ஆரணி எங்கள் காரில்தான் வந்தாள். ஜெயந்தி முன்னால், அவள் பின்னால். நான்தான் தொடங்கினேன்.

"பிள்ளை, செருப்பு விசயம் எனக்குத் தெரியாது. காத்துத்தான் எண்டு நினைச்சிட்டன்."

"செருப்பு ஓகே அப்பா. திருப்பி அப்ளை பண்ணியிருக்கிறன். திருப்பிப் போடலாம்." கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள். "அந்த அங்கிளுக்கு ஏன் மகள் எண்டு சொல்லேல்ல? என்னில வெக்கமா, என்ட ஆர்ட் வேர்க்கில வெக்கமா?"

ஜெயந்தி கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டும் இல்லை, என்னில்தான் வெட்கம் என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த வசனம் இப்போது எழுதும்போது வருகிறது. அன்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

அடுத்த கிழமை அனுமதி வந்தது. செருப்புகளை மறுபடி சிதறிப் போடலாம், நடைவழியை மட்டும் தொடக் கூடாது. ஆரணிக்கும் சிநேகிதிகளுக்கும் பரீட்சை. எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"நீங்க போய்ப் போடுங்கோ அப்பா. நீங்கதானே பாத்தனீங்க."

கோபத்தில் சொன்னாளா, தண்டனையாகச் சொன்னாளா, நம்பிச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுடைய தமிழில் இந்த மூன்றுக்கும் ஒரே குரல்தான். அல்லது எனக்குத்தான் பிரித்துக் கேட்கத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை தனியாகப் போனேன். சோடி பிரிப்பது லேசாக இருந்தது. கவிழ்ப்பதுதான் முடியவில்லை. பட்டியைப் பிடித்துத் திருப்பி வைப்பேன், கையை எடுக்க முதல் கை தானாக நிமிர்த்திவிடும். யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன். நாயோடு ஒரு பெண் தூரத்தில் போனாள். கடைசியில் என் நீலப் பட்டியைத்தான் முதலில் கவிழ்த்தேன். அதற்குப் பிறகு மற்றவை முடிந்தன. துவாய் போட்ட பெண்ணின் செருப்பு அன்று ஒழுங்கையின் நடுவில் கிடந்தது, நடுவில் போட்டேன். பிள்ளையின் செருப்பு ஒன்று கேற்றின் மூலையில். தண்ணீர் விளிம்பில் ஆரணி எதை நினைத்து ஒன்றைப் போட்டாள் என்று தெரியவில்லை. அதையும் கொண்டுபோய்ப் போட்டேன். படம் எடுத்து அவளுக்கு மட்டும் அனுப்பினேன். ஒரு சொல் வந்தது. சரி.

அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்தால் செருப்புகள் எல்லாம் நிமிர்ந்து, சோடி சோடியாக, வரிசையாக இருக்கின்றன.

பரிசோதகரின் வேலை என்று நினைத்து ஆரணிக்கு எடுத்தேன். அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்த மாதத்தில் அவள் என்னோடு சிரித்தது அப்போதுதான்.

"எங்கட ஆக்கள் வந்திட்டுப் போயிருக்கினம் அப்பா."

அதுதான் நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு நான் கிழமைக்கு ஒரு தரம் போய்ச் சிதறிப் போட்டுவிட்டு வருவேன். இடையில் வந்தவர்கள் நிமிர்த்தி வைத்திருப்பார்கள். சில நாள் பாதி, சில நாள் முழுவதும். செருப்பைப் பார்த்தே தமிழ்ச் சனம் வந்ததா இல்லையா என்று சொல்லலாம். இதை நான் பெரியக்காவுக்குச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் இருக்கிறது அந்த லொட்ஜ் நிண்ட இடம் தானே தம்பி" என்றார். "இப்பவும் லிப்டால இறங்கி வெளியில வரேக்க கீழ பாத்துத்தான் காலை வைக்கிறனான்."

7

கடைசிச் சனிக்கிழமை. திங்கட்கிழமை எல்லாக் குடிலையும் பிரிக்கப்போகிறார்கள். நான் சிதறிப் போட்டு முடித்துவிட்டு நாற்காலிப் பக்கம் காற்றுக்கு ஒதுங்கி நின்றேன். ஒரு சோடி வந்தது. ஆண் முன்னால், மனைவி பின்னால், இருவரும் கரடி மாதிரி உடுத்திக்கொண்டு. கிட்ட வந்ததும்தான் அடையாளம் கண்டேன். சிவநேசன். நான் நிற்பதை அவர் கவனிக்கவில்லை. மனைவிக்குச் செருப்புக் கடையைக் காட்டக் கூட்டி வந்திருக்கிறார்.

மனைவி பலகைப் பக்கம் போனார். சிவநேசன் கீழே பார்த்தார். குனிந்தார். ஒரு செருப்பை நிமிர்த்தினார். பிறகு இன்னொன்றை. கையுறையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு முழங்காலில் இருந்தார். நான் அன்று இருந்த அதே இடம். தடுக்க வேண்டும் என்று நினைத்தேன். மூன்றாவதாக அவர் கையில் எடுத்தது என் நீலப் பட்டி. அதைப் பிடித்தபடி நிமிர்ந்து என்னைக் கண்டார்.

"ஐசே, நீரே. இதைப் பாரும். போன முறை நல்ல வடிவா அடுக்கிக் கிடந்தது. இப்ப ஆரோ போட்டிட்டு ஓடினமாதிரிக் கிடக்கு."

"ஓடேல்லை" என்றேன். "பஸ்ஸில ஏத்தினவை."

அவர் கையில் செருப்போடு அப்படியே இருந்தார். எந்த பஸ் என்று கேட்கவில்லை. கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜுகள் இருந்தன. மூக்கைப் புறங்கையால் துடைத்தார். பிறகு என் செருப்பை எடுத்த இடத்திலேயே, எப்படிக் கிடந்ததோ அப்படி, கவிழ்த்து வைத்தார். சரிவு பிழைத்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, விரலால் கொஞ்சம் தள்ளிவிட்டார். நிமிர்த்திய மற்ற இரண்டையும் கவிழ்த்தார். அவருடைய கையும் என் கையைப் போலத்தான் தயங்கியது.

"ஆற்ற வேலை எண்டனீர் இது?"

"என்ர மகள் செய்தது. ஆரணி."

"அண்டைக்கு ஆரோ பிள்ளையள் எண்டீர்."

"ஓம்" என்றேன்.

அவர் எழும்பக் கை கொடுத்தேன். மனைவியைக் கூட்டிக்கொண்டு போகும்போது ஒருமுறை திரும்பிக் கீழே பார்த்துவிட்டுப் போனார்.

மகள் என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். சொன்ன நேரம் கேட்பதற்கு அவள் அங்கே இல்லை. பொய் சொன்ன நேரம் பின்னால் நின்றவள், உண்மையைச் சொன்ன நேரம் நகரத்தின் மற்றத் தொங்கலில் இன்னொரு பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். இன்னும் அவளிடம் சொல்லவில்லை. இரண்டு தடவை தொலைபேசியைக் கையில் எடுத்து, சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன்.

அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருப்பவர்கள் வாசிப்பீர்கள், இவனையும் ஒரு தகப்பன் என்று சொல்வதா என்று கேட்பீர்கள். கேளுங்கள். எழுதி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது, உங்களுக்கு எழுதினால் அவள் அறிய மாட்டாள் என்ற துணிவில்தான் இவ்வளவும் எழுதியிருக்கிறேன் என்று. அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. பக்கத்தில் இருத்தி, இதை முதலிலிருந்து வாசித்துக் காட்ட வேண்டியவன் நான்தான்.